எவ்வண்டிக்கு எவ்வனுமதிப்பத்திரம்? – அனலைதீவுக் கமக்காரருக்கு ஒரு விளக்கம்

முன்னுரை

அனலைதீவு, ஊர்காவற்றுறைக்கு மேற்கே கடலாற் சூழப்பட்ட ஒரு சிறு தீவாகும். படகே அதனை வெளியுலகோடு இணைப்பது. புகையிலை, நெல், சிறுபயிர்கள், தென்னை, பனை என்பன அங்குள்ள மக்களின் சீவனத்திற்கு ஆதாரமாய் இருந்து வருவன. முன்னாளில் எருதுகள் நிலத்தை உழுதன. வண்டில் மாடுகள் சுமையை இழுத்தன. இன்று அவ்விரு வேலைகளையும் பெரும்பாலும் உழவியந்திரமே செய்கின்றது.

எருதை ஓட்டுவதற்கு எவரும் அனுமதி கேட்டதில்லை. தந்தை ஓட்டுவதைப் பார்த்து மகன் ஓட்டப் பழகினான், அதுவே போதியதாயிற்று. எருது நின்ற இடத்தில் உழவியந்திரம் வந்து நின்றமையால், அதனையும் அவ்வாறே கருதும் வழக்கம் கமக்காரர் பலரிடத்தே இன்னும் காணப்படுகின்றது. “இது ஒரு சிறு தீவு; எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்; பெரிய தெருக்களும் இல்லை; இங்கே சாரதி அனுமதிப்பத்திரம் எதற்கு?” என்று வினவுவோரும் உளர். அவ்வினாவிற்கு விடை கூறுவதும், எவ்வகை வண்டியைச் செலுத்துவோர் எவ்வகை அனுமதிப்பத்திரத்தைப் பெறுதல் வேண்டும் என்பதை விளக்குவதும் இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

வண்டிக்கேற்ற அனுமதி

இலங்கையில் மோட்டார் வாகனங்கள் யாவும் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்திற்கும், அதன் பின்னர் வந்த திருத்தச் சட்டங்களுக்கும் அமையவே ஆளப்படுகின்றன. அச்சட்டத்தின் அடிப்படை விதி மிக எளிதானது. ஒருவர் எவ்வகுப்பு வாகனத்தைச் செலுத்துகின்றாரோ, அவ்வகுப்பிற்குரிய அனுமதிப்பத்திரம் அவரிடம் இருத்தல் வேண்டும். ஆகவே, “என்னிடம் லைசென்ஸ் இருக்கின்றது” என்று ஒருவர் கூறுவது அரைகுறை விடையேயாகும். எவ்வகுப்பிற்கு இருக்கின்றது என்பதே கேட்கப்படவேண்டிய வினா.

இவ்விதியின் மற்றொரு பகுதியைப் பலர் அறியார். உரிய அனுமதிப்பத்திரம் இல்லாதவர் வண்டியைச் செலுத்துவது குற்றமாதல் போலவே, அத்தகைய ஒருவரை வேலைக்கு அமர்த்திச் செலுத்தச் செய்வதும், செலுத்த இடங்கொடுப்பதும் குற்றமேயாகும். எனவே, தம் மகனிடமோ கூலியாளிடமோ திறப்பைக் கொடுக்கும் கமக்காரர், வண்டியில் ஏறாவிடினும் பொறுப்பிலிருந்து நீங்கியவராகார்.

தன் வேலிக்குள் நிலத்தை உழுவது ஒன்று. பொதுமக்கள் நடமாடும் வழியிற் செலுத்துவது மற்றொன்று. தோட்டத்துப் படலையைத் தாண்டி ஒழுங்கையிற் சில்லு பட்ட கணமே உழவியந்திரம் ஒரு வீதி வாகனமாகி விடுகின்றது. அனலைதீவில் தோட்டங்கள் ஒரே இடத்தில் அமையாது சிதறிக் கிடப்பதனால், தெருவில் இறங்காமல் ஒரு நாளேனும் வேலை முடித்தல் அரிது என்பதைக் கமக்காரர் தாமே அறிவர்.

வாகன வகுப்புகள்

அனுமதிப்பத்திரத்தில் வகுப்புகள் ஆங்கில எழுத்துக்களாற் குறிக்கப்பட்டுள்ளன. கமக்காரர் குடும்பங்களுக்குப் பயன்படத்தக்க வகுப்புகள் வருமாறு:

ஏ1 – இயந்திரக் கொள்ளளவு 100 கன சென்ரிமீற்றருக்கு மேற்படாத இலகு மோட்டார் சைக்கிள்கள்.

ஏ – இயந்திரக் கொள்ளளவு 100 கன சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்கள்.

பீ1 – முச்சக்கர வண்டிகளும், வெறும் நிறை 500 கிலோகிராமிற்கும் மொத்த நிறை 1,000 கிலோகிராமிற்கும் மேற்படாத சிறு வான்களும்.

பீ – மொத்த நிறை 3,500 கிலோகிராமிற்கு மேற்படாதனவும், சாரதியின் ஆசனம் உட்பட 9 ஆசனங்களுக்கு மேற்படாதனவுமான கார், வான் முதலியன.

சீ1 – மொத்த நிறை 3,500 கிலோகிராமிற்கு மேற்பட்டு 17,000 கிலோகிராமிற்கு மேற்படாத இலகு லொறிகள்.

சீ – மொத்த நிறை 17,000 கிலோகிராமிற்கு மேற்பட்ட லொறிகள்.

டீ1 – ஆசனங்கள் 33க்கு மேற்படாத இலகு பேருந்துகள்.

டீ – ஆசனங்கள் 33க்கு மேற்பட்ட பேருந்துகள்.

ஜீ1 – பெட்டி பூட்டிய இருசில்லு உழவியந்திரம்.

ஜீ – பெட்டியுடனோ பெட்டியின்றியோ செலுத்தப்படும் கமத்தொழில் நிலவாகனம். நாற்சில்லு உழவியந்திரம் இதனுள் அடங்கும்.

ஜே – நிர்மாண வேலைக்கும், ஏற்றியிறக்கும் வேலைக்கும் பயன்படும் விசேட வாகனங்கள். கிணறும் குளமும் திருத்த வரும் மண் வெட்டும் இயந்திரங்கள் இத்தகையன.

இவற்றைவிடப் பாரமான பெட்டிகளை இழுக்கும் லொறிகளுக்கும் பேருந்துகளுக்கும் சீ.ஈ., டீ.ஈ. எனத் தனி வகுப்புகள் உண்டு. அவை தீவுக் கமக்காரருக்கு வேண்டப்படுவது அரிது.

வகுப்புகள் வேறுபடுவதன் காரணம்

இவ்வளவு வகுப்புகள் எதற்கு என ஐயுறுவோர், ஒவ்வொரு வண்டியும் தன்னைச் செலுத்துவோனிடம் வெவ்வேறு பழக்கத்தை வேண்டி நிற்கின்றது என்பதை நோக்குவாராக.

இருசில்லு உழவியந்திரம்: யாழ்ப்பாணத்தார் இதனை ‘லாண்ட்மாஸ்டர்’ என்பர். அது பிரித்தானியாவிலிருந்து வந்த ஒரு வகை இயந்திரத்தின் பெயராயினும், இந்நாளில் எந்நாட்டில் செய்யப்பட்ட இருசில்லு இயந்திரத்திற்கும் அதுவே பொதுப்பெயராய் வழங்குகின்றது. இதற்குச் சுக்கான் இல்லை. இரு கைபிடிகளிலும் உள்ள கிளச்சுகளை அழுத்தியே இதனைத் திருப்புதல் வேண்டும். சமதரையில் இடக்கைக் கிளச்சை அழுத்தினால், இடப்பக்கச் சில்லிற்கு விசை அறுபட, இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். ஆனால், சுமை நிறைந்த பெட்டியோடு ஒரு சரிவில் இறங்கும்போது நிலைமை மாறுகின்றது. பின்னிருந்து பெட்டி தள்ள, இயந்திரம் சில்லுகளைப் பிடித்து நிறுத்தும் வேலையைச் செய்கின்றது. அவ்வேளை இடக்கைக் கிளச்சை அழுத்தினால், இடச்சில்லு அப்பிடியினின்றும் விடுபட்டு விரைந்து ஓடும். வலச்சில்லோ பிடிபட்டே நிற்கும். அதனால் இயந்திரம் இடப்பக்கம் திரும்பாது, வலப்பக்கமே திரும்பும்.

இவ்வொரு செய்தியை அறியாமையால் உழவியந்திரங்கள் வாய்க்காலிலும் வேலியிலும் பாய்வதுண்டு. அனலைதீவு சமதரையான தீவாயினும், குளக்கட்டு, மதகு, இறங்குதுறை ஆகிய இடங்களிற் சரிவு உண்டு. மோட்டார் சைக்கிளிலோ காரிலோ எத்துணைப் பழக்கம் உடையவரும் இதனைத் தாமாக அறிந்துகொள்ளார். ஜீ1 தனி வகுப்பாய் இருத்தல் ஏன் என்பது இதனால் விளங்கும்.

நாற்சில்லு உழவியந்திரம்: இதன் பின்சில்லுகள் இரண்டிற்கும் பெரும்பாலும் இரு தனித்தனிப் பிறேக்கு மிதிகள் உண்டு. வயலில் வரம்போரம் திரும்புவதற்கு ஒரு மிதியை மட்டும் மிதிப்பது உதவும். தெருவிலோ அவ்வாறு ஒன்றை மட்டும் மிதித்தால் இயந்திரம் சட்டெனச் சுழன்று கவிழக்கூடும். ஆதலின், தெருவில் இறங்குமுன் இரு மிதிகளையும் அவற்றிற்குரிய கொளுக்கியாற் பிணைத்துவிடுதல் வேண்டும். இன்னும், சுமையை அதற்கென அமைந்த கொளுவியிலேயே பூட்டுதல் வேண்டும். அதற்கு மேலான இடத்திற் சங்கிலியிட்டு இழுத்தால், இயந்திரம் முன்பக்கம் மேலெழுந்து சாரதிமீதே பின்புறமாய்க் கவிழும். சில்லின் மேலுள்ள மட்காட்டிற் பிள்ளைகளை இருத்திச் செல்வதை அறவே ஒழித்தல் வேண்டும்.

முச்சக்கர வண்டி: இதன் முன்பக்கத்தில் ஒரே சில்லு இருப்பதனால், விரைவாய்த் திரும்பும்போது வெளிப்புறம் சாய்ந்து கவிழும் இயல்பு உடையது. கார் ஓட்டியவருக்கும் மோட்டார் சைக்கிள் ஓட்டியவருக்கும் இது புதிய பழக்கமேயாகும்.

மோட்டார் சைக்கிள்: இதிற் சமநிலையே முதன்மையானது. ஏ1, ஏ என்னும் இரு வகுப்புகளுக்கும் இடையிலுள்ள எல்லையைக் கவனித்தல் வேண்டும். ‘ஸ்கூட்டி’ எனப் பொதுவாய் அழைக்கப்படும் வண்டிகள் யாவும் 100 கன சென்ரிமீற்றருக்கு உட்பட்டன அல்ல. ரீவீஎஸ் ஸ்கூட்டி பெப் வண்டி ஏறக்குறைய 88 கன சென்ரிமீற்றர் உடையது. ஹொண்டா டியோ வண்டியோ ஏறக்குறைய 109 உடையது. பார்வைக்கு ஒரே வகையாய்த் தோன்றினும் முன்னையதற்கு ஏ1 போதும். பின்னையதற்கு ஏ வேண்டும். வண்டியை வாங்குமுன் பதிவுச் சான்றிதழிலுள்ள எண்ணைப் பார்த்தல் நன்று.

லொறியும் பேருந்தும்: சுமையும் ஆட்களும் பெருகப் பெருக, நிறுத்துவதற்கு வேண்டிய தூரமும் சாரதியின் பொறுப்பும் பெருகுகின்றன. ஆகவே, பெரிய லொறிகளுக்கும் பேருந்துகளுக்கும் கூடிய வயதும் முன்னனுபவமும் வேண்டப்படுகின்றன.

யார் யார் எதனைப் பெறுதல் வேண்டும்?

(1) சொந்த இயந்திரம் உடைய கமக்காரர்: இருசில்லு இயந்திரத்திற் பெட்டி பூட்டி எருவும் விளைபொருளும் ஏற்றுவோருக்கு ஜீ1 இன்றியமையாதது. நாற்சில்லு இயந்திரம் உடையோர் ஜீ வகுப்பைப் பெறல் வேண்டும். கார் ஓட்டும் அனுமதி முன்னரே உடையவர், தம் பத்திரத்தின் பின்பக்கத்தில் ஜீ1, ஜீ என்னும் வரிசைகளிலே திகதி பதியப்பட்டுள்ளதா எனப் பார்த்துக்கொள்க. பதிவு இருப்பின் கவலையில்லை. இல்லையேல் அதனைச் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும். மோட்டார் சைக்கிளுக்குரிய அனுமதி மட்டும் உடையவர் உழவியந்திரத்தைத் தெருவிற் செலுத்துதல் ஆகாது.

(2) பிறர் நிலத்தைக் கூலிக்கு உழுவோர்: இவர்கள் நாள் முழுவதும் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்குத் தெருவழியே செல்பவர்கள். பிறருடைய இயந்திரத்தைச் செலுத்துவோராயின், உரிமையாளர் அவரது பத்திரத்தைக் கண்ணாற் கண்ட பின்னரே திறப்பைக் கொடுத்தல் வேண்டும். அது நம்பிக்கையீனம் ஆகாது. இரு பகுதியாருக்கும் பாதுகாப்பாகும்.

(3) பாடசாலை முடித்த இளைஞரும் யுவதிகளும்: அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு 18 வயது நிறைதல் வேண்டும். எருது ஓட்டும் வயது வேறு. இயந்திரம் ஓட்டும் வயது வேறு என்பதைப் பெற்றோர் நினைவிற் கொள்க. தோட்ட வேலையிற் பெண்கள் பெரும்பங்கு கொள்கின்றமையால், அவர்களும் ஜீ1 வகுப்பைப் பெறுவது குடும்பத்திற்கு நன்மை பயக்கும். உரிய பத்திரம் உடையவர் வீட்டில் இருவர் இருப்பின், ஒருவர் நோயுற்ற காலத்தில் பத்திரம் இல்லாத பிள்ளையிடம் இயந்திரத்தைக் கொடுக்கும் நிலை ஏற்படாது.

(4) விளைபொருளைச் சந்தைக்கு ஏற்றுவோர்: ஊர்காவற்றுறையில் இறக்கிய பொருளை யாழ்ப்பாணத்திற்குக் கொண்டுசெல்லச் சிலர் ‘பட்டா’ எனப்படும் சிறு லொறியை வைத்திருப்பர், சிலர் அதனினும் பெரிய லொறியை வைத்திருப்பர். இவற்றிற்கு வண்டியின் தோற்றத்தைக் கொண்டு வகுப்பைத் தீர்மானித்தல் தவறு. பதிவுச் சான்றிதழிற் குறித்துள்ள மொத்த நிறையே அளவுகோலாகும். 3,500 கிலோகிராம் என்னும் எல்லையைத் தாண்டியதும் சீ1 வேண்டப்படும்.

(5) வெளிநாட்டிலிருந்து வருவோர்: கோயிற் திருவிழாக் காலத்திலும் விடுமுறைக் காலத்திலும் கனடா, ஐரோப்பா முதலிய நாடுகளிலிருந்து உறவினர் பலர் தீவுக்கு வருகின்றனர். அவர்கள் தம் நாட்டு அனுமதிப்பத்திரம் ஒன்றையே நம்பி இங்கே வண்டி செலுத்துதல் ஆகாது. இந்நாட்டிற் செல்லுபடியாகும் அனுமதி ஒன்றை அவர்கள் பெற்றிருத்தல் வேண்டும். சர்வதேசச் சாரதி அனுமதிப்பத்திரத்திற்குரிய ஒப்புதல் முறையையும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வழங்கும் தற்காலிக அனுமதிப்பத்திரத்தைப் பெறும் முறையையும் புறப்படுமுன்னரே விசாரித்து அறிதல் நலம்.

எழுத்துக்கள் ஒன்றாயிருத்தல் கண்டு மயங்குதலும் கூடாது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஜீ1 என்பது கார் ஓட்டப் பழகத் தொடங்குவோருக்குக் கொடுக்கப்படும் முதற்படிப் பத்திரமாகும். ஜீ என்பது சாதாரணக் காருக்குரிய முழு அனுமதியாகும். இலங்கையிலோ அவ்வெழுத்துக்கள் உழவியந்திரங்களைக் குறிப்பன. இன்னும், ஒன்ராறியோவிற் பண்ணை உழவியந்திரத்தைத் தெருவிற் செலுத்த 16 வயது நிறைந்திருத்தல் வேண்டுமேயன்றி, சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. அங்கு வாழும் மைத்துனர் ஒருவர், “ரக்டருக்கு லைசென்ஸ் எதற்கு?” என்று கூறுவாராயின், அவர் தம் மாகாணத்து வழக்கைச் சரியாகவே கூறுகின்றார், ஆனால், அது இத்தீவுக்குப் பொருந்தாது. பிரித்தானியாவில் உழவியந்திரத்திற்கு ‘எப்’ என்னும் தனி வகுப்பு உண்டு. ஆகவே, செல்லும் நாட்டின் விதியை அறிந்து ஒழுகுதலே முறை.

அனுமதிப்பத்திரம் பெறும் வழி

முதலாவது, உடல் தகுதிச் சான்றிதழ். இதனைத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகம் வழங்குகின்றது. கண்பார்வை, செவிப்புலன், இரத்த அழுத்தம் முதலியன அங்கே சோதிக்கப்படும். கண்ணாடி அணிபவர் அதனைக் கொண்டுசெல்லுதல் வேண்டும். இச்சான்றிதழ் குறித்த ஒரு காலத்திற்கே செல்லுபடியாகும் என்பதால், அதனைப் பெற்றபின் விண்ணப்பிக்கத் தாமதித்தல் கூடாது.

இரண்டாவது, விண்ணப்பம். தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், உடல் தகுதிச் சான்றிதழ் ஆகியவற்றோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் யாழ்ப்பாண மாவட்ட அலுவலகத்திற்குச் செல்லுதல் வேண்டும். ஏற்கெனவே ஓர் அனுமதிப்பத்திரம் உடையவர் புதிய வகுப்பொன்றைச் சேர்ப்பதாயின் பழைய பத்திரத்தையும் கொண்டுசெல்க. எவ்வெவ்வகுப்புகள் வேண்டும் என்பதை வீட்டிலேயே தீர்மானித்துக்கொள்ளுதல் மிக முக்கியம். மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டுப் பின்னர் உழவியந்திரத்திற்காக மீண்டும் கடல் கடப்போர் பலர். இரண்டும் வேண்டுமாயின் ஒரே முறையிற் குறிப்பிடுதல் காலத்தையும் படகுச் செலவையும் மிச்சப்படுத்தும்.

மூன்றாவது, எழுத்துப் பரீட்சை. வீதிக் குறியீடுகள், வீதி ஒழுங்குகள் பற்றிய வினாக்கள் இதிற் கேட்கப்படும். தமிழிலேயே இதற்குத் தோற்றலாம். சமிக்ஞை விளக்குகளும் சுற்றுவட்டங்களும் தீவில் இல்லாமையால், தீவு மக்கள் அவற்றை நூலிற் கற்றே அறிய வேண்டியவராயுள்ளனர். யாழ்ப்பாண நகருக்குச் செல்லும் நாள்களில் அவற்றை நின்று கவனித்து வருதல் நற்பயிற்சியாகும்.

நான்காவது, பயிலுனர் அனுமதிப்பத்திரமும் பயிற்சியும். எழுத்துப் பரீட்சையிற் சித்தியடைந்தவருக்குப் பயிலுனர் அனுமதிப்பத்திரம் வழங்கப்படும். பழகும் வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளை நிறத்தில் சிவந்த ‘எல்’ எழுத்துப் பலகை இருத்தல் வேண்டும். பயிலுனர் பத்திரம் என்பது தனியே செலுத்தும் உரிமை அன்று. பழகுவதற்கான உரிமை மட்டுமே.

ஐந்தாவது, செய்முறைப் பரீட்சை. வண்டியை முன்னும் பின்னும் செலுத்தல், திருப்புதல், நிறுத்தல், வீதியிற் பிறரைக் கவனித்து ஒழுகுதல் என்பன சோதிக்கப்படும். பெட்டியோடு பின்னோக்கிச் செலுத்துதல் உழவியந்திரச் சாரதிகளுக்குக் கடினமான பகுதியாகும். அதனை அறுவடை முடிந்த வெறுந்தோட்டத்தில் பலமுறை பழகிக்கொள்க.

தீவிலிருந்து செல்வோர் தனித்தனியே அலைவதிலும், கமக்காரர் அமைப்பின் மூலம் பத்துப்பேர் சேர்ந்து ஒரே நாளிற் செல்வது சிறந்தது. அலுவலக நாளையும் நேரத்தையும் முன்னரே தொலைபேசியில் விசாரித்து, படகு நேரத்தோடு பொருத்திக்கொள்ளுதல் வேண்டும். நடமாடும் சேவைகள் தீவகத்தில் நடைபெறும் காலங்களைப் பிரதேச செயலகத்தின் மூலமும் கிராம அலுவலர் மூலமும் அறியலாம்.

பத்திரம் இன்மையால் வரும் நட்டம்

இதுவரை கூறியவற்றைக் கேட்ட ஒருவர், “இவ்வளவு அலைச்சலும் பொலிசாருக்கு அஞ்சியா?” எனக் கேட்கலாம். அன்று. பின்வருவதை எண்ணிப் பார்க்க.

மாசி மாதத்து மாலை வேளை. வெட்டிய புகையிலை பெட்டி நிறைய ஏற்றப்பட்டுள்ளது. தந்தை தோட்டத்தில் நிற்க, 16 வயது மகன் இயந்திரத்தைச் செலுத்துகின்றான். வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்கள் இருவர் சுமையின்மேல் அமர்ந்துள்ளனர். மதகுச் சரிவில் ஒரு சிறுவன் சைக்கிளிற் குறுக்கிட, மகன் பழகிய கையாலேயே கிளச்சை அழுத்துகின்றான். இயந்திரம் அவன் நினைத்த பக்கம் திரும்பாது மறுபக்கம் திரும்பிப் பெட்டியோடு கவிழ்கின்றது. அப்பெண்களில் ஒருவருக்குத் தொடை எலும்பு முறிகின்றது.

யாழ்ப்பாண நகரத்தில் இத்தகைய விபத்து நேர்ந்தால், காயமுற்றவர் சில நிமிடங்களில் போதனா வைத்தியசாலையைச் சேர்வர். அனலைதீவிலிருந்தோ அவரை இறங்குதுறைக்குக் கொணர்ந்து, படகிலேற்றி, கடல் கடந்து, ஊர்காவற்றுறையிலிருந்து மீண்டும் தரைவழியே கொண்டுசெல்லுதல் வேண்டும். காற்றும் அலையும் கடிதாயின் அதற்கும் இடையூறு உண்டு. மற்றையோருக்குச் சிறு தவறாய் முடிவது தீவாருக்கு உயிரிழப்பாய் முடியக்கூடும். ஆகவே, சிறு தீவில் அனுமதிப்பத்திரம் எதற்கு என்னும் வினாவிற்கு விடை இதுவே: தீவு சிறிதாயிருத்தலும், வைத்தியசாலை தொலைவாயிருத்தலுமே, அங்கே பழகிய சாரதி மிகுதியும் வேண்டப்படுவதற்குக் காரணங்களாம்.

அடுத்து நட்டஈடு பற்றியது. மூன்றாந்தரப்புக் காப்புறுதி இன்றி மோட்டார் வாகனத்தை வீதியிற் செலுத்துதல் ஆகாது. ஆனால், காப்புறுதிப் பத்திரங்களில், உரிய வகுப்பு அனுமதி உடையவரே வண்டியைச் செலுத்தியிருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனை பொதுவாகக் காணப்படும். அந்நிபந்தனை மீறப்பட்டிருப்பின், காசு கட்டிப் பெற்ற காப்புறுதி வேண்டிய வேளையில் உதவாது போகலாம். அப்பொழுது வைத்தியச் செலவும் நட்டஈடும் கமக்காரரின் தலைமீதே விழும். அதனைத் தீர்ப்பதற்குத் தோட்டக் காணியை ஈடு வைப்பதன்றி அவருக்கு வேறு வழி யாது? காயமுற்ற பெண்ணும் அயலவளேயாவாள். அவளது குடும்பத்தின் நாட்கூலியும் அன்றோடு நின்றுவிடும். பல தலைமுறையாய்க் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த இரு வீடுகள் நீதிமன்றத்தில் எதிரெதிர் நிற்க நேரும். எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்த சிறு தீவில், இந்நட்டம் பணத்தால் அளவிடற்கரியது.

பத்திரத்தை வாசிக்கும் முறை

அனுமதிப்பத்திரம் உடையோர், இப்பிரசுரத்தை வாசித்து முடித்ததும் அதனை எடுத்துப் பின்பக்கத்தைப் பார்ப்பாராக. அங்கே ஒவ்வொரு வகுப்பிற்கும் எதிரே தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் குறிக்கப்பட்டுள்ளன. பொதுவாக இலகு வாகனங்களுக்கு 8 ஆண்டுகளும் கனரக வாகனங்களுக்கு 4 ஆண்டுகளும் காலவெல்லையாகும். முடியும் திகதி கடந்த பத்திரம் பத்திரமாகாது. விதைப்புக் காலத்திலும் புகையிலை வெட்டுக் காலத்திலும் கடல் கடப்பதற்கு அவகாசம் இராது. ஆதலின், வேலை குறைந்த கோடை மாதங்களிலேயே புதுப்பித்துக்கொள்ளுதல் புத்தியாகும்.

பின்வருவனவற்றையும் மறவாது கைக்கொள்க:

1. பெட்டி பொருள் ஏற்றுவதற்கே அமைந்தது. சுமையின்மேல் ஆட்களை ஏற்றாதீர்.

2. பெட்டியின் பின்புறத்தில் ஒளி தெறிக்கும் சிவப்புத் தகடு பூட்டுக. இருள் சூழுமுன் தெருவைவிட்டு நீங்குக.

3. சேற்றுழவிற்குரிய இரும்புச் சில்லோடு தெருவில் இறங்காதீர்.

4. சரிவில் இறங்குமுன் தாழ்ந்த கியரை இட்டுக்கொள்க. சரிவின் நடுவில் கியர் மாற்றுதலையும், கைபிடிக் கிளச்சால் திருப்புதலையும் தவிர்த்து, கைபிடியைத் தள்ளியே மெல்லத் திருப்புக.

5. அனுமதிப்பத்திரம், காப்புறுதிப் பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம் ஆகிய மூன்றையும் நீர் புகாத உறையிலிட்டு இயந்திரத்தோடு கொண்டுசெல்க.

முடிவுரை

எருது தன் வழியைத் தானே அறியும். உழுபவன் கண்ணயர்ந்தாலும் அது வீட்டுப் படலையில் வந்து நிற்கும். குறுக்கே குழந்தை வந்தால் தானாகவே தரித்து நிற்கும். இயந்திரத்திற்கு அவ்வறிவு இல்லை. அவ்வறிவைச் சாரதியே கொண்டுவருதல் வேண்டும். அவர் அதனைக் கொண்டுள்ளார் என்பதற்குச் சான்றாய் அமைவதே, அவ்வண்டிக்குரிய வகுப்புப் பதியப்பட்ட அனுமதிப்பத்திரம்.

அனலைதீவுக் கமக்காரர் ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள வண்டி யாது, அதனைச் செலுத்துவோர் யாவர், அவர்களது பத்திரத்தில் அவ்வகுப்பு உண்டா என்னும் மூன்று வினாக்களையும் இன்றே தம் வீட்டிற் கேட்டுக்கொள்வாராக. குறை காணப்படின், அடுத்த போகம் தொடங்குமுன் அதனை நிவர்த்தி செய்துகொள்க. மேலும் விளக்கம் வேண்டுவோர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்திலும், ஊர்காவற்றுறைப் பிரதேச செயலகத்திலும், தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடத்தும் கேட்டு அறியலாம்.